ராணியை ரெண்டாவதாகவே நகர்த்தினன், ரஷீத்

என்ர அருமை ரஷீத்,

சிரிக்காமல் கேள். உன்ர சுவரை உடைக்க ஒரு வழி கண்டுபிடிச்சிட்டன்.

பதினொரு வருசமா வெள்ளிக்கிழமைகளில, ஜும்மா முடிஞ்சு நீ வர, உன்ர மீன் வாடிக்குப் பின்னால செஸ் பலகையை விரிப்பம். வெள்ளைக்காய் எனக்கெண்டால், ராசாவுக்கு முன்னால நிக்கிற சிப்பாயை ரெண்டு கட்டம் தள்ளுவன். நீ உன்ர ராசாவின்ர சிப்பாயை ஒரே ஒரு கட்டம். அடுத்ததா ராணியின்ர சிப்பாயை ரெண்டு கட்டம். சுவர் எழும்பிடும். "முட்டிப் பார் மச்சான்" எண்டு பிளேன்ரீயை உறிஞ்சுவாய். வெள்ளையில நான் உன்னை ஒருக்காலும் வெல்லேல்லை.

நீ போன பிறகு வெள்ளிக்கிழமைகளில என்ன செய்யிறதெண்டே தெரியேல்லை. லிங்கநகர் வீட்டில இருந்து உன்ர பக்கத்தையும் நானே ஆடிப் பார்த்தன். ஒருநாள் ரெண்டாவது நகர்விலயே ராணியைத் தூக்கி ராசாவுக்கு முன்னால வைச்சன். பார்க்க மொக்கு வேலைதான். ஆனால் நீ வழக்கம்போல ராணியின்ர சிப்பாயைத் தள்ளினால் நான் அதை வெட்டுவன். உன்ர மற்றச் சிப்பாயால திருப்பி வெட்ட ஏலாது. அது விலகினால் என்ர ராணி நேரே உன்ர ராசாவுக்குச் செக்! தனிய இருந்து கை தட்டினன்.

இன்ரநெற்றில தேடினால், அது எங்கட பூட்டன்மார் காலத்து நகர்வாம். இருக்கட்டும், எனக்குப் புதுசுதானே?

ஆருக்குக் காட்டுறது? உன்ர மனுசி ஃபரீதா உனக்காக வீட்டோட துக்கம் காத்த இத்தாக் காலம் முடிஞ்ச பிறகு, என்ர மனுசியோட உன்ர வீட்டை போனன். "தங்கச்சி, ரஷீதின்ர பலகையில ஒருக்கா வைச்சுப் பார்க்கட்டா?" எண்டு கேட்டன். அவ சட்டெண்டு எழும்பிட்டா. பிழையாக் கேட்டிட்டனோ எண்டு பதறிப்போனன். அவ அலுமாரியைத் திறந்து பலகையை எடுத்து வந்து, கறுப்புப் பக்கம் கதிரையை இழுத்துப்போட்டு இருந்திட்டா.

"உங்களுக்கு விளையாடத் தெரியுமோ?"

"கடைசி நாலு மாசமும் படுக்கையில கிடந்த மனிசனோட வேற ஆர் விளையாடினது, சிவா அண்ணன்?"

என்னட்டை மட்டும் "களைப்பா இருக்கு, பலகை வேணாம்" எண்டு சொன்னனீ. கள்ளன்! ஏன்டா மறைச்சனீ?

ராணியை வைச்சன். அவவின்ர கை உன்ர வழக்கமான சிப்பாய்க்குப் போச்சு. தொடாமல் நிண்டுது. என்ர ராணியைப் பார்த்தா, தன்ர ராசாவைப் பார்த்தா, பக்கத்துச் சிப்பாயைத் தள்ளினா. என்ர பொறி அதோட சரி. இடையில மனம் கேளாமல் ஒரு குதிரையை வேணுமெண்டே வெட்டக் குடுத்தன். அவ வெட்டேல்லை. குதிரையை என்ர பக்கம் திருப்பித் தள்ளினா.

"இரக்கத்துக்கு விளையாடுறதெண்டா எழும்புங்க."

வெக்கமாப் போச்சு. ஒழுங்கா விளையாடினன். ஒழுங்காத் தோத்தன்.

ஃபரீதா சிரிச்சா, ரஷீத். வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்கச் சிரிச்சா. குசினியில நிண்ட உன்ர மகள் சத்தம் கேட்டு ஓடிவந்து, உம்மாவின்ர முகத்தைப் பார்த்திட்டு அப்பிடியே அழுதிட்டாள். நீ போன பிறகு அதுதான் முதல் சிரிப்பாம்.

இப்ப நானும் என்ர மனுசியும் வெள்ளிக்கிழமைகளில உன்ர வீட்டிலதான். மீன் ஆணம் காய்ச்சிறது ஃபரீதாவின்ர பொறுப்பு, புது நகர்வு என்ர பொறுப்பு. ஒரு வாக்குத் தாறன்: அவவுக்கு ஒரு சிப்பாயைக்கூடச் சும்மா விட்டுக்குடுக்கமாட்டன். இந்தக் கிழமைக்கும் ஒண்டு யோசிச்சு வைச்சிருக்கிறன். உனக்குச் சொல்லமாட்டன், நீ அவவின்ர பக்கம்.

அவ என்னை அண்ணன் எண்டு கூப்பிடுறபடியால், முறைப்படியே உன்ர மச்சான்,
சிவா