கண்ணாடிச் சுவரில் ஒரு பருந்து

அன்புள்ள அம்மா,

முட்டிவலி குறைந்ததா? அப்பா மாத்திரையை மறக்காமல் போடுகிறாரா? நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன். விடுதியில் ஒரு குறையும் இல்லை.

வடிவமைப்புப் போட்டியில் எனக்கு முதல் பரிசு! மனிதர் அல்லாத ஓர் உயிருக்காக ஏதாவது செய்ய வேண்டும் என்றார்கள். எங்கள் புது நூலகத்தின் கண்ணாடிச் சுவரில் குருவிகள் மோதிச் சாகின்றன. அவை பயந்து விலகட்டும் என்று பெரிய பருந்து ஒன்றை வரைந்து நடுவில் ஒட்டினேன். எல்லோரும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள்.

மறுநாள் காலை, பெருக்குகிற அக்கா முறத்தைக் காட்டினார். ஏழு குருவிகள்.

"உன் பருந்து நல்லாத்தான் இருக்கு கண்ணு. அதுங்க அதை விட்டுட்டு பக்கத்துல போய் முட்டுதுங்க. கண்ணாடியில வானம்தானே தெரியுது?"

நான் நம் கண்ணுக்குத்தான் வரைந்திருக்கிறேன், அம்மா. கண்ணாடி இருப்பது குருவிகளுக்குத் தெரியும்படி சுவர் முழுக்கப் புள்ளி வைக்கலாமா என்று தலைமையாசிரியையிடம் கேட்டேன்.

"அழகே போயிடும்மா. அதான் பரிசு வாங்கிட்டியே, போ!" என்று சிரித்தார்.

என் அறை ஜன்னலும் கண்ணாடிதான். உன் பழைய புடவை இரண்டு அனுப்பு. ஒன்றை ஜன்னலுக்கு வெளியே கட்டிவிடுகிறேன். இன்னொன்றைத் துவைக்காமல் அனுப்பு.

மணி அடித்துவிட்டது, ஓடுகிறேன்.

உன் மகள்