கொண்டிப் பக்கத்துக் கிழிசல்

இஞ்சேருங்கோ,

பூநகரிக்கு அக்கா வீட்ட போறன், பின்னேரம் வந்திடுவன். சோறும் மீன்குழம்பும் குசினியில மூடி வச்சிருக்கிறன்.

குசினிக் கதவில பூச்சி வராம அடிச்ச நெட்டைக் கிழிச்சது எங்கட பூனை மின்னிதான், அதைச் சாக்கில கட்டி ஓமந்தையில விடப்போறன் எண்டு ஒரு கிழமையாக் குதிக்கிறியள். நேற்று பழைய நெட்டைக் கழட்டேக்க வடிவாப் பாத்தனான். கிழிசல் கொண்டிக்குப் பக்கத்தில, கத்தியால வெட்டின மாதிரி நேரா, ஒரு கை போற அளவுக்கு இருக்கு. பூட்டுத் திறப்பை மறந்திட்டு வந்து, கையை விட்டுக் கொண்டியைக் கழட்டின பூனை ஆரெண்டு விளங்கீற்றுது.

இப்ப கதவு யன்னல் எல்லாத்துக்கும் நல்ல கம்பி நெட் அடிச்சாச்சு. மின்னியின்ர நகத்துக்கும் கிழியாது, உங்கட கத்திக்கும் கிழியாது.

சுகிர்தா

பி.கு: வீட்டைப் பூட்டிட்டன். திறப்பு மின்னியின்ர கழுத்தில கட்டியிருக்கு. கிணத்தடியில படுத்திருக்கும். "சனியன்" எண்டு கூப்பிட்டா வராது. பேரைச் சொல்லி, கொஞ்சம் அன்பாக் கூப்பிடுங்கோ.