தையில் பதிவான வண்டி

இன்று காலை ஸ்டாண்டு டிரைவர் செல்வம் கேட்டாரென்று அந்த நோட்டை வெளியே எடுத்தேன். சாமி படத்துக்குக் கீழேதான் இத்தனை நாளும் இருந்தது. பிரித்ததும் விபூதியும் கிரீஸும் கலந்த வாசனை. பக்க மூலைகளிலெல்லாம் உங்கள் கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருக்கிறது. கையைக் கழுவிவிட்டுத் தொடுங்கள் என்று எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். நல்லவேளை, நீங்கள் கேட்கவேயில்லை.

மலைக்கு வருகிற பெரிய வண்டிகளைப் பற்றி ஜமுனாமரத்தூர் வாடகை வண்டி ஸ்டாண்டில் டிரைவர்கள் பேசுவதை, சாப்பிடும்போது ஒன்றுவிடாமல் சொல்வீர்கள். வண்டி செய்த வருடத்துக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதில் என்னென்ன கோளாறு என்று நான் எழுதுவேன். அஞ்சாவதோடு படிப்பு நின்றவள் நான். சர்வீஸ் பில்லைப் பார்த்துத்தான் இங்கிலீஷ் எழுத்துகளைக் கூட்டப் பழகினேன். “நான் சொல்றது வெறும் பேச்சு. நீ எய்தினாதான் அது கணக்கு” என்பீர்கள். ஸ்டாண்டில் எனக்கு ‘நோட்டு அண்ணி’ என்றே பெயர் வந்துவிட்டது. வண்டி செய்த கம்பெனிக்காரனே அண்ணியைக் கேட்டுத்தான் போல்ட்டு முடுக்குவான் என்று செல்வம் கேலி செய்வார்.

நீங்கள் ஆசைப்பட்ட ரகத்தில் முதல் வருடத்து வண்டிகளுக்கு ஒரே புகார்தான். ஸ்பிரிங்குக்குப் பதிலாக இருக்கும் காற்றுப் பை ஒழுகி, வண்டி சக்கரத்தின்மேல் உட்கார்ந்துவிடும். அடுத்த வருடம் அந்தப் பையை மாற்றிவிட்டார்கள். அந்தப் பக்கத்தில் புகாரே இல்லை. ‘நம்பி எடுக்கலாம்’ என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

அதை நம்பித்தான் நீங்கள் அந்த ரகத்தில், ஒருவர் ஓட்டி விற்ற வெள்ளை வண்டியை எடுத்தீர்கள். ஆர்.சி.யை என்னிடம் நீட்டி, “இன்னா, உன் நோட்டுல கோடு போட்ட வருசத்து வண்டிதானே?” என்று கேட்டீர்கள். அந்த நல்ல வருடத்துத் தை மாதம் முதல் வாரத்தில் பதிவாகியிருந்தது. நல்ல மாதம் பார்த்துப் பதிந்திருக்கிறார்கள் என்று எனக்கு மனசு குளிர்ந்தது. பூசணிக்காய் சுற்றி, எலுமிச்சம்பழம் நசுக்கி, மலையேற்றினோம்.

உங்களுக்கு நெஞ்சு வலித்த அன்று செல்வம்தான் அதே வண்டியை வேலூருக்கு ஓட்டினார். இறக்கத்தில் ஒரு வளைவில் வண்டி ஒருபக்கமாகச் சாய்ந்து டயரில் உரசி நின்றது. வெயில். பஸ் வர முக்கால் மணி நேரம். என் மடியில் தலை வைத்திருந்தீர்கள். “பயப்படாத. நல்ல வருசத்து வண்டி, சரியாய்டும்” என்றீர்கள்.

ஆஸ்பத்திரியில் நீங்கள் இரண்டு நாள் இருந்தீர்கள். அந்த முக்கால் மணி நேரத்தைப் பற்றி டாக்டரிடம் கேட்டேன். உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

உங்கள் காரியம் முடிந்தபின் வண்டியை விற்க ஆர்.சி.யை எடுத்தேன். பதிவுத் தேதிக்குக் கீழே பொடி எழுத்தில் வண்டி செய்த மாதம் இருந்தது. அது முந்தின வருடத்து வண்டி, காற்றுப் பை ஒழுகுகிற வருடம். மார்கழியில் நம் ஊரில் யாரும் வண்டி எடுப்பதில்லை. காத்திருந்து தையில் பதிவார்கள். நானே அப்படிச் செய்கிறவள்தான். ஆனாலும் அந்தப் பொடி எழுத்தைப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. நல்ல மாதத்தைப் பார்த்ததும் கண்ணை எடுத்துவிட்டேன்.

இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. சாமி படத்து முருகனிடம்கூடச் சுற்றி வளைத்துத்தான் சொல்லியிருக்கிறேன்.

இன்று செல்வம், “அண்ணி, அதே ரகம் ஒண்ணு விலைக்கு வருது. எந்த வருசம் எடுக்கலாம்?” என்று கேட்டபோது சொன்னேன். எல்லாவற்றையும்.

“அன்னிக்கி வண்டி ஒருபக்கமா இழுக்குதுன்னு எனக்கும் முன்னாடியே தெரிஞ்சிது அண்ணி. சொன்னா நீங்க பயந்துடுவீங்கன்னு ஓட்டினேன்.”

 

பிறகு அவர் எதிரிலேயே நோட்டைத் திறந்தேன். நல்ல வருடத்துப் பக்கத்திலிருந்து நம் வண்டி நம்பரை அடித்துவிட்டு, முதல் வருடத்துப் பக்கத்தில் எழுதினேன். பதிவுத் தேதியைப் பார்க்காமல் செய்த மாதத்தைப் பார்க்கச் சொல்லி அவரை அனுப்பினேன். இனி அவருக்கு இந்த நோட்டு பயன்படும்.

நோட்டில் வண்டியை அதன் இடத்தில் சேர்த்துவிட்டேன். அந்த முக்கால் மணி நேரத்தை எந்தப் பக்கத்தில் எழுதுவதென்றுதான் தெரியவில்லை. அது இன்னும் என் மடியில்தான் இருக்கிறது, உங்கள் தலையின் கனத்தோடு.