வழிந்த மருந்து

அன்பு மகளுக்கு,

உனக்கு ஒரு குறையும் வரக்கூடாது என்று ஆண்டவனைக் கும்பிட்டுவிட்டு அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். கை வரவில்லை.

அப்பாவுக்குக் கண்ணில் அழுத்தம் என்று சொட்டு மருந்து கொடுத்தார்கள் அல்லவா? காலை ஒன்று, மாலை ஒன்று. நோட்டில் தேதி போட்டு, ஒரு வேளை தவறாமல் நான்தான் விட்டேன். சொட்டு விழுந்ததும் கண்ணை மூடிக்கொள்வார். நான் இரண்டு முறை பிரார்த்தனை சொல்லி முடித்த பிறகுதான் திறக்க விடுவேன். இமையோரம் வழிவதை வீணாக்க மனசு வராமல், விரலால் வழித்து இமையிலும் கன்னத்திலும் தடவிவிடுவேன். மருந்துதானே என்று நினைத்தேன்.

மூன்றாவது வாரம் இமை தடித்தது. சோப்பை மாற்றினேன், தலையணை உறையை வெந்நீரில் அலசினேன். அப்படியும் கன்னம் வரை சிவந்து தோல் உரிந்தது. "ரெண்டு நாள் மருந்து விடாம இருந்து பாப்போமா?" என்றார் அப்பா. "கண்ணு வேணுமா வேணாமா உங்களுக்கு?" என்று அதட்டி, வழிந்ததை இன்னும் அழுத்தித் தேய்த்தேன்.

அப்பா ஓட்டும் பள்ளிக்கூட வேனில் பிள்ளையை ஏற்ற வந்த ஒரு அம்மா, அவர் முகம் சிவந்திருப்பதைப் பார்த்து, "என்ன டிரைவரே, காலையிலேயே ஊத்தியாச்சா?" என்று கேட்டிருக்கிறாள். "ஆமாங்க, ஒரு சொட்டுதான். ஊத்திவிடறதே என் வீட்டுக்காரி" என்றாராம். என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். மறுநாள் பள்ளிக்கூடத்தில் வேன் சாவியை வாங்கிக்கொண்டார்கள்.

டாக்டர் என் நோட்டைப் புரட்டி, "ஒரு வேளைகூடத் தவறலையேம்மா" என்றார். பாராட்டாக இல்லை. அந்த மருந்தே தோலுக்கு ஒத்துக்கொள்ளவில்லையாம். வழிந்ததை உடனே துடைத்திருக்க வேண்டுமாம். தேய்த்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த அப்பாவும் சொல்லவில்லை.

மாற்றிக் கொடுத்த மருந்தும் ஐந்தாம் நாளே அரிக்கத் தொடங்கிவிட்டது. நிறுத்தினால் இருக்கிற பார்வையும் போகும், இனி ஆபரேஷன்தான் என்கிறார்கள். கண்ணில் கத்தி படக்கூடாது என்று அப்பா ஒரே பிடிவாதம். காலையில் பாட்டிலோடு போய் நின்றேன், முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிரார்த்தனையை மட்டும் இரண்டு முறை சொல்லிவிட்டு வந்தேன். நோட்டில் என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ சொன்னால் கேட்பார். உனக்கு லீவு கிடைக்காது என்றும் தெரியும். உன் போட்டோவை ஜன்னலோரம் கொண்டுபோய், ஒரு கண்ணை மூடிக்கொண்டு பார்க்கிறார். "பாப்பா மெலிஞ்சுட்டாளா?" என்று என்னைக் கேட்கிறார். நான் என்ன சொல்ல? நீ வந்து நில், அவரே பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும், தாயே.

ஆண்டவன் உன் வழிக்குத் துணை இருக்கட்டும்.

அம்மா