பௌர்ணமியன்று வந்த இன்ஜின் ஹெட்

ஆடி 8, புதன்

ராத்திரி நல்ல மழை. நிலத்தில் கால் புதைகிறது. இரண்டு நாள் வெயில் போதும், உழலாம். விதைக்கு மல்லாட்டை உடைத்து வேர்க்கடலைப் பருப்பு தயார். ஈரம் காய்வதற்குள் விதைத்துவிட வேண்டும்.

டிராக்டர்தான் படுத்துவிட்டது. ரேடியேட்டரில் காலையில் ஊற்றிய தண்ணீர் மதியம் பாதி இல்லை. ஸ்டார்ட் செய்தால் உள்ளே உலை கொதிக்கிற மாதிரி குமிழ். ஆயில் கம்பியை உருவிப் பார்த்தேன். கறுப்பாக இருக்க வேண்டியது டீ நிறத்தில்.

டவுனிலிருந்து மெக்கானிக் சாதிக் பாய் வந்து பார்த்தார்.

"இன்ஜின் மூடிக்கு அடியில இருக்கிற ஹெட் கேஸ்கெட் போயிடுச்சும்மா. தண்ணி ஆயில்ல எறங்குது. இனிமே சாவியத் தொடாதே."

சனிக்கிழமை மதியம் அவர் வேலூர் போகிறார். மகளுக்கு நிக்காஹ். போனால் ஒரு வாரம் வரமாட்டார். அதற்குள் முடித்தாக வேண்டும்.

கடுகு, சோப்பு வாங்க மறந்துவிட்டேன்.

ஆடி 9, வியாழன்

வெயில். காலையிலேயே பாய் வந்துவிட்டார். தண்ணீர், ஆயில் இரண்டையும் வடித்தோம். டீசல் பைப், இன்ஜெக்டர் எல்லாம் கழற்றினோம். போல்ட்டுகளை நான்தான் தளர்த்தினேன். ஓரத்திலிருந்து நடுவுக்கு, கொஞ்சம் கொஞ்சமாக. ஒன்று மட்டும் அசையவில்லை. ரெஞ்ச் பிடியில் குழாயைச் சொருகி ஏறி நின்றேன். 'டக்'. பாய் பயந்துவிட்டார், போல்ட் உடைந்ததோ என்று. உடையவில்லை.

இருவரும் பிடித்து இன்ஜின் மூடியான ஹெட்டைத் தூக்கினோம். அடியிலிருந்த கேஸ்கெட்டில் இரண்டாவது சிலிண்டருக்கும் மூன்றாவதுக்கும் நடுவே கறுப்பாக ஒரு கோடு. எரிந்து போயிருக்கிறது. புது கேஸ்கெட் போட்டால் மட்டும் போதாதாம். ஹெட்டே லேசாக வளைந்திருக்கிறது. லேத்தில் கொடுத்து முகத்தைச் சமமாகச் சீவ வேண்டும். பாய் தன் வண்டியில் டவுனுக்கு எடுத்துப் போனார்.

"நாளைக்கு சாயங்காலம் ரெடியாயிடும். எனக்கு நிக்காஹ் வேலை இருக்கு, நீ வந்து எடுத்துக்கோ. சனிக்கிழமை விடிஞ்சதும் மாட்டிடலாம்."

அப்போதுதான் உறைத்தது. நாளைக்குப் பௌர்ணமி. எங்கள் ஊர் இருக்கும் கிரிவலப் பாதையில் வண்டி விடமாட்டார்கள்.

டவுன் லாட்ஜில் வேலை செய்யும் என் வீட்டுக்காரருக்கு போன் செய்தேன், கூட வந்து தூக்கச் சொல்லி. "லாட்ஜ்ல ரூம் எல்லாம் ஃபுல். நாளைக்கு லீவு கேட்டா மேனேஜர் என்னையே காலி பண்ணச் சொல்லுவாரு" என்று சிரித்தார். சிரிப்பைப் பார்!

ஆடி 10, வெள்ளி, பௌர்ணமி

காற்று. நிலம் மேலாக வெளுக்கத் தொடங்கிவிட்டது.

லேத்தில் ஹெட் பளபளவென்று கண்ணாடி மாதிரி. கோணியில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். தடுப்பு போட்ட இடத்தில் போலீஸ்காரர் நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல நடைதாம்மா." ஆட்டோக்காரர் இறக்கி வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். தோளில் ஏற்றிப் பார்த்தேன். இருபது அடிகூட நடக்க முடியவில்லை. எங்கள் ஊர் அடி அண்ணாமலை இன்னும் எவ்வளவு தூரம்! கும்பல் இருபுறமும் விலகிப் போகிறது. அழுகை வந்தது. அழவில்லை.

பின்னால் தள்ளுவண்டி மணி. வசந்தா. என் கொழுந்தனின் மனைவி. வெள்ளரிக்காய் விற்க வந்திருக்கிறாள். வரப்புத் தகராறுக்குப் பிறகு நாங்கள் முகம் பார்த்துப் பேசிப் பல மாதம். கடந்து போய்விடுவாள் என்று நினைத்தேன். வண்டி நின்றது.

"இன்னாக்கா அது?"

"டிராக்டர் ஹெட்டு."

வெள்ளரியை ஒரு பக்கம் ஒதுக்கினாள். "தூக்கு. நான் இந்தப் பக்கம் புடிக்கிறேன்."

இருவரும் தள்ளினோம். வழியில் ஒரு அம்மாள் கோணியைப் பார்த்து, "உள்ள சாமி சிலையாம்மா?" என்றாள். "இல்லீங்க, இன்ஜின்" என்றாள் வசந்தா. அந்த அம்மாள் அப்போதும் கும்பிட்டுவிட்டுத்தான் போனாள். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவளுக்கும். வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுச் சிரித்தோம்.

பிறகு அவளே சொன்னாள். "கோவம் இல்லைனு சொல்ல மாட்டேன்க்கா. ஜாஸ்தியாவே இருக்குது. ஆனா என் நெலமும் காயுது. வேற டிராக்டர் எதுவும் கெடைக்கல."

"முதல்ல உன்னுதுதான் ஓட்டுவேன்."

"நெஜமாவா?"

"நெஜமா."

ஆடி 11, சனி

மேகம், மழை இல்லை. புது கேஸ்கெட் உட்கார்ந்தது. நடுவிலிருந்து ஓரத்துக்குப் போல்ட் முடுக்கினோம், மூன்று சுற்று. புது ஆயில், தண்ணீர். டீசல் பைப்பில் காற்று எடுத்துவிட்டு பாய், "சாவியத் தொடு" என்றார். இரண்டு இருமல். மூன்றாவதில் பிடித்துக்கொண்டது. ரேடியேட்டரில் ஒரு குமிழ்கூட இல்லை. சூடேறி ஆறியதும் மறுபடி ஒரு முடுக்கு. பாய்க்கு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. நிக்காஹ் வீட்டுக்கு என்று விதைப் பருப்பில் கொஞ்சம் எடுத்துக் கொடுத்தேன்.

சோப்பு இன்றைக்கும் வாங்கவில்லை. கையெல்லாம் கிரீஸ்.

ஆடி 12, ஞாயிறு

வசந்தா நிலம். ஈரம் இன்னும் இருக்கிறது, ஒரு விரல் ஆழத்தில். வரப்போரம் வந்ததும் நிறுத்தி, "எதுவரைக்கும்?" என்று கேட்டேன். "நீயே பாத்து ஓட்டு" என்றாள். என் பக்கத்தில் ஒரு முழம் அவளுக்கு விட்டுக்கொடுத்துத் திருப்பினேன். பார்த்தாள்.

முடிக்கிற நேரத்தில் மட்கார்டில் ஏறி உட்கார்ந்தாள். "நான் ஒரு தபா ஓட்டவா?" இறங்கி இடம் விட்டேன். கிளட்சை விட்டதும் வண்டி ஒரு குதி குதித்தது, அவள் ஒரு கத்து. ஆனாலும் கடைசி வரை நிறுத்தவில்லை. உழவுச் சால் பாம்பு மாதிரி வளைந்து கிடந்தது. அழித்து ஓட்டட்டுமா என்று கேட்டேன்.

"இருக்கட்டும்க்கா. மல்லாட்டைக்குத் தெரியவா போவுது."