பனிமூட்டத்துக்குள் அப்பா கூப்பிட்டது

சனிக்கிழமை இரவு, மலை விடுதி

இண்டைக்கு அப்பாவை ஸ்கீயிங்குக்குக் கூட்டிக்கொண்டு போனன். சுவிஸுக்கு வந்த நாளில இருந்து, துன் நகரத்து ஹோட்டல் குசினியிலயே சமைச்சுக்கொண்டு காலம் முழுக்க நிண்ட மனிசன். பென்சன் எடுத்த பிறகு, ஒருக்கா எண்டாலும் தானும் சறுக்கிப் பாக்கோணும் எண்டு ஆசைப்பட்டார்.

பின்னேரம் பனி கொட்டத் தொடங்கிச்சு. நீட்டின கை தெரியேல்லை. நான் முதல்ல கொஞ்சத் தூரம் இறங்கி, ஓரத்துக் கம்பத்தடியில அவருக்காகக் காத்துக்கொண்டு நிண்டன். அந்த நேரம் பாத்து என்ர வேலையிடத்துச் சுவிஸ் ஆக்கள் ரெண்டு பேர் வந்து பக்கத்தில நிண்டிச்சினம்.

மேலயிருந்து அப்பா கூப்பிட்டார். "கூ... குட்டன்! எங்கையடா நிக்கிறாய்? கூ...!" வயல்வெளியில குரல் குடுக்கிற மாதிரி.

"அதென்ன, நரியோ?" எண்டு அவையில ஒருத்தி சிரிச்சாள். நானும் சிரிச்சன்.

அவை போகுமட்டும் நான் வாய் திறக்கேல்லை. அப்பா திரும்பத் திரும்பக் கூப்பிட்டார். கடைசியில குரல் நடுங்கினது எனக்கு நல்லாக் கேட்டது. பிறகுதான் ஏறிப் போனன். ஒரு ஸ்கீ கழண்டு, முழங்காலில இருந்தார். என்னைக் கண்டதும், "உனக்கு ஒண்டுமில்லையே?" எண்டு என்ர முகத்தைத் தடவிப் பாத்தார்.

இப்ப அவருக்குத் தொண்டை அடைச்சுப்போச்சு. மல்லித்தண்ணி வைச்சுக் குடுத்தன். குடிச்சுப்போட்டு, "நீயும் கூப்பிட்டிருப்பாய் தம்பி, எனக்குத்தான் காது சரியாக் கேக்கிறேல்லை" எண்டார்.

ஓமப்பா, கூப்பிட்டனான் எண்டு சொல்லிப்போட்டன்.