பள்ளிக்கூடத்தில் நான் கதை வாசித்த விவரம்

அன்பு மகளுக்குச் சித்தப்பா எழுதுவது. இங்கே எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது, எனக்குத் தேவைக்கு மேலேயே நன்றாக இருக்கிறது. உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா, வெந்நீர் குடிக்கிறாயா, இல்லை இன்னும் ஐஸ் தண்ணீர்தானா என்று எழுது.

நீ அனுப்பிய பெட்டி வந்து சேர்ந்தது. பல நாட்டுப் படக்கதைப் புத்தகங்களைப் பார்த்ததும் உன் சித்தி குழந்தையைத் தூக்குவது போலத் தூக்கிக்கொண்டு தன் இரண்டாம் வகுப்புக்குப் போனாள், அலமாரி அடிக்க என்னையும் கூப்பிட்டாள். ஊரில் தச்சர்கள் எத்தனையோ பேர் இருக்க, பஸ் ஓட்டுகிற என்னைக் கூப்பிடுகிறாள் என்றால் கைவேலையின் மகிமையைப் பார்த்துக்கொள். நான் அடித்த அலமாரியில் யானை ஏறி உட்காரலாம், லேசாக இடப்பக்கம் சாய்வது தரையின் குற்றம். அந்த வகுப்பில் ஒரு சிறுமி இருக்கிறாள், வேறு தேசத்திலிருந்து குடும்பத்தோடு வந்தவள். சேர்ந்ததிலிருந்து வாயைத் திறக்கவில்லை, பிள்ளைகள் கப்சிப் என்றே பேர் வைத்துவிட்டார்கள். மாதக் கடைசிக்குள் பேசாவிட்டால் சின்னப் பிள்ளைகளோடு கொண்டுபோய் உட்கார வைப்பேன் என்று தலைமை ஆசிரியை சொல்லிவிட்டார், அந்தக் கவலையில் உன் சித்திக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்தச் சிறுமியின் பாஷையில் ஒரு புத்தகமாவது வேண்டும் என்று உனக்கு எழுதியது அதற்காகத்தான்.

நான் ஆணி அடித்துக்கொண்டிருக்கும்போது சித்தியை அலுவலக அறைக்குக் கூப்பிட்டார்கள். கொஞ்சம் பாத்துக்கோங்க, எதையாவது இழுத்து விட்டுடாதீங்க என்று சொல்லிவிட்டுப் போனாள். சும்மா இருந்தால் நான் உன் சித்தப்பனா. பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து, நீ அனுப்பியதில் அவள் பாஷைப் புத்தகத்தை எடுத்தேன், எழுத்தெல்லாம் கொடி படர்ந்த மாதிரி இருந்தது. இது உங்களுக்குப் படிக்கத் தெரியுமா மாமா என்று ஒரு வாண்டு கேட்டது. எனக்குத் தெரியாத பாஷையா, அஞ்சாவதுக்கு மேல எனக்குச் சொல்லிக்கொடுக்க வாத்தியாருக்கே சரக்கு இல்ல, அதான் நின்னுட்டேன் என்றேன். முதல் படத்தில் நீலக் கதவு போட்ட வீடு, வாசலில் குடும்பமே சிரித்துக்கொண்டு நிற்கிறது. அடுத்ததில் கூரை இல்லை. அப்புறம் கதவைக் காணோம், சுவர் பாதி, கடைசியில் வெறும் மண்ணும் ஒரு வண்டி செங்கலும். நானும் குரலைத் தழுதழுக்க வைத்து, பாவம், வீட்டைப் பிரித்து வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊரை விட்டே போகிறார்கள் என்று முடித்தேன். முன்வரிசை மூக்கை உறிஞ்ச ஆரம்பித்துவிட்டது. அப்போது கப்சிப் எழுந்து வந்தாள், முகமெல்லாம் சிவந்திருந்தது. புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்கி, நான் கடைசி அட்டை என்று நினைத்த பக்கத்திலிருந்து திறந்தாள். அவர்கள் எழுத்து வலமிருந்து இடமாம், புத்தகமும் அப்படித்தானாம், எனக்கு யார் சொன்னார்கள். மண், செங்கல், சுவர் என்று ஒவ்வொன்றாக விரல் வைத்துக் காட்டி, நீலக் கதவில் நிறுத்தி, தப்பு மாமா, வீடு போகல, வீடு வருது என்றாள். நம் பாஷையில், கணீரென்று. வாசலில் சித்தியும் தலைமை ஆசிரியையும் நின்றிருந்தார்கள். இவ இங்கேயே இருக்கட்டும் டீச்சர் என்று சொல்லிவிட்டு அந்தம்மா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு போனார்.

நான் வேண்டுமென்றேதான் பின்னாலிருந்து வாசித்தேன் என்று ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன், யாராவது கேட்டால் நீயும் அப்படியே சொல். இப்போது வெள்ளிக்கிழமைதோறும் அவள்தான் கதை சொல்கிறாள், பக்கம் புரட்ட என்னைத்தான் வரச் சொல்கிறாள். எந்தப் பக்கம் புரட்டுவது என்று அவள் முகத்தைப் பார்த்துத்தான் புரட்டுகிறேன்.

நீ போகிற இடமெல்லாம் உனக்கு நல்லதே நடக்கட்டும். இருமலுக்கு மருந்து வாங்க மறந்துவிடாதே.

பக்கம் புரட்டும் பதவியிலிருந்து,
உன்னைத் தோளில் தூக்கி வளர்த்த
சித்தப்பா